பாதை புதராகிவிட்டது, எந்த மெஷின் வாங்கலாம்?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் இந்தக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். ரோட்டிலிருந்து தோட்டத்து வீடு வரைக்கும் புல்லும் முள்ளும் மூடிவிட்டது, கார் போகவில்லை, என்ன மெஷின் வாங்கலாம்? எப்போதும் சொல்வதுதான்: பாதையின் நீளம், அகலம், மண் இந்த மூன்றையும் எழுதிவிட்டுக் கேளுங்கள். இந்தத் தடவையும் பாதிப் பேர் எழுதவில்லை.

ஆலங்குளம் வாசகர்: 300 மீட்டர் பாதை, செம்மண் சரல், புல் இடுப்பளவு. பிரஷ் கட்டர் டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

நீளமும் மண்ணும் எழுதினீர்களே, அதற்கே நன்றி. ஃபோர் ஸ்ட்ரோக், 35 சிசி போதும். விலை கொஞ்சம் கூட. ஆனால் பெட்ரோலில் ஆயில் கலக்கிற வேலை இல்லை. டூ ஸ்ட்ரோக் மெஷின்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்தக் கலவையில்தான். லிட்டருக்கு 20 மில்லி என்று புத்தகத்தில் போட்டிருக்கும், வேலைக்காரர் கண்ணளவாக ஊற்றுவார், அல்லது ஊற்றவே மாட்டார். பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். யாரோ ஒருவர் கையில் கொடுத்து ஓட்டுவதாக இருந்தால் ஃபோர் ஸ்ட்ரோக்தான். ஆயில் அளவை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரல் பாதையில் இரும்பு பிளேடு வேண்டாம், நைலான் நூல் போடுங்கள். பிளேடு கல்லில் பட்டால் பல்லும் போகும், கல்லும் பறக்கும். நூலிலும் கல் பறக்கத்தான் செய்யும். அதனால் கல் தெறிப்பதைத் தடுக்கிற கார்டைக் கழற்றாதீர்கள், கண்ணாடி போடுங்கள், பதினைந்து மீட்டருக்குள் ஆள், ஆடு, பிள்ளைகள் யாரும் இருக்கக் கூடாது. 'கார்டு இல்லாமல்தான் நல்லா வெட்டுது' என்று சொல்கிறவர்களிடம் மெஷினை இரவல்கூடக் கொடுக்காதீர்கள்.

ஊர் பெயர் இல்லாத கடிதம்: எங்க பாதைக்கு நல்ல மெஷினா ஒண்ணு சொல்லுங்க அண்ணாச்சி.

மம்பட்டி.

சாத்தான்குளம் வாசகர்: தேரி மண், பனைகளுக்கு நடுவே அரை கிலோமீட்டர் பாதை. டிராக்டரில் பிளேடு மாட்டிப் புல்லைச் சுத்தமாக வழித்துவிடலாமா?

வழித்தால் அடுத்த நாள் டிராக்டரையே தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். தேரியில் அந்தப் புல்லும் அதன் வேரும்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. கணுக்கால் உயரத்துக்கு வெட்டி விடுங்கள், வேரைத் தொடாதீர்கள். சக்கரம் போகிற இரண்டு தடத்திலும் பனையோலையை நெருக்கிப் போட்டு, வண்டியை ஏற்றி மிதித்துவிட்டால் ஒரு சீசன் தாங்கும். ஓலைக்கு உங்களுக்குப் பஞ்சமா?

விளாத்திகுளம் வாசகர்: கரிசல். மழை பெய்தால் நான்கு நாளைக்கு டயரில் அப்பிக்கொள்கிறது. பவர் டில்லர் உதவுமா?

உதவாது. ஈரக் கரிசலில் எந்த மெஷினும் உதவாது, இறக்கினால் தடம்தான் ஆழமாகும். சரல் அடிக்க வேண்டியதுதான். 200 மீட்டர் நீளம், பத்தடி அகலம், அரையடி கனம் என்றால் முப்பது யூனிட்டுக்கு (யூனிட் என்றால் நூறு கன அடி) மேல் பிடிக்கும். ஒரே வருஷத்தில் முடியாவிட்டால் சக்கரத் தடம் இரண்டுக்கு மட்டும் முதலில் போடுங்கள். ஆனால் கோடையில், மண் காய்ந்து இறுகிய பிறகு. குளத்துக் கரம்பை சும்மா கிடைக்கிறதே என்று அதைப் பாதையில் கொட்டாதீர்கள். கரம்பை வயலுக்கு.

முக்கூடல் வாசகர்: வருஷா வருஷம் தை மாதம் ஜேசிபி வைத்துப் பாதையைச் சுரண்டிச் சுத்தம் பண்ணுகிறோம். மணிக்கூலி ஏறிக்கொண்டே போகிறது. சொந்தமாக டிராக்டருக்கு ஒரு லெவல் பிளேடு வாங்கினால் மிச்சமாகுமா? ரோட்டவேட்டரும் இருக்கிறது, அதை ஓட்டினாலும் புல் செத்துவிடுகிறது.

இதைப் பற்றி எத்தனை தடவை எழுதினாலும் எனக்குக் கோபம் தணிவதில்லை.

முதலில் போய்ப் பாதையின் நடுவில் நின்று பாருங்கள். இரண்டு பக்கத்து நிலமும் உங்கள் முழங்காலுக்கோ இடுப்புக்கோ வருகிறதா? வரும். வருஷத்துக்கு இரண்டு அங்குலம் சுரண்டினால் பத்து வருஷத்தில் ஒன்றரை அடிக்கு மேல். சுரண்டிய மண்ணை இரண்டு ஓரத்திலும் ஒதுக்கிக் கரை மாதிரி விட்டுவிட்டுப் போயிருப்பார் ஆபரேட்டர். ஆகக்கூடி நீங்கள் காசு கொடுத்து வெட்டியிருப்பது ஓடை. பக்கத்துத் தோட்டத்துத் தண்ணீரும் அதில்தான் இறங்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழையில் நம் பக்கம் எத்தனை தோட்டப் பாதை ஆளை இறக்கும் பள்ளமாகப் போனது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். போனதில் பாதி இப்படிச் சுரண்டிய பாதைகள்தான்.

ரோட்டவேட்டர் இதைவிட மோசம். வண்டி போய்ப் போய் இறுகின மண்தான் பாதைக்கு உயிர். அதைப் புழுதியாக்கிவிட்டு, மழை வந்ததும் சேறாகிவிட்டது என்று எழுதினால் நான் என்ன சொல்ல? புல் செத்துவிடுகிறது என்கிறீர்கள். மேலே தெரிகிற புல் சாகும். கோரைக் கிழங்கையும் அருகம்புல் கொடியையும் துண்டு துண்டாக நறுக்கி, நூறு இடத்தில் நட்டுவிட்டு வருகிறது அந்த மெஷின். அடுத்த மழைக்கு ஒன்று பத்தாக முளைக்கும்.

ஆகவே பிளேடு வாங்குங்கள், ஆனால் வேறு வேலைக்கு. ஓரத்தில் கிடக்கிற மண்ணை உள்ளே இழுத்து நடுவில் ஏற்றுங்கள். பத்தடிப் பாதைக்கு நடு மூன்று அங்குலம் உயர்ந்திருந்தால் போதும், தண்ணீர் இரண்டு பக்கமும் இறங்கும். பாதை ரொம்பத் தாழ்ந்திருந்தால் ஓரத்து மண் காணாது, வெளியிலிருந்து சரல் அடிக்க வேண்டும். ஓரத்தில் ஒரு மம்பட்டி அகலத்துக்கு ஓடு வாய்க்கால். முப்பது, நாற்பது மீட்டருக்கு ஓர் இடத்தில் கரையை வெட்டி, அந்தத் தண்ணீர் உங்கள் தோட்டத்துக்குள்ளேயே போகிற மாதிரி விடுங்கள். பக்கத்துக்காரர் வயலில் விட்டு வழக்கு வாங்காதீர்கள். மழை முடிந்து மண் பாதி ஈரத்தில் இருக்கும்போது செய்தால் நன்றாக இறுகும். அதன் பிறகு வருஷத்துக்கு இரண்டு தடவை புல்லை வெட்டினால் போதும். ஜேசிபிக்கு ஜோலியே இல்லை.

ஜேசிபி வருகிறது என்றாலே ஊரில் ஒரு கூட்டம் வேடிக்கை பார்க்க நிற்கிறது, நின்ற ஆளெல்லாம் 'இன்னும் கொஞ்சம் ஆழமா எடுங்க' என்று யோசனை சொல்கிறார்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

நாங்குநேரி வாசகர்: பாதையின் இரு பக்கமும் சீமைக்கருவேலம். வெட்ட வெட்டத் துளிர்க்கிறது.

வெட்டினால் துளிர்க்கும், அதன் குணம் அது. மொட்டு மண்ணுக்குள் இருக்கிறது. விரல் கனக் கன்றுகளை மழை ஈரத்தில் கையாலேயே பிடுங்கலாம், மம்பட்டி துணைக்கு. மணிக்கட்டு கனம் வரை பிரஷ் கட்டரில் ரம்பப்பல் பிளேடு போட்டு வெட்டலாம், ஆனால் தூரைத் தோண்டாவிட்டால் ஆறு மாதத்தில் பழைய கதை. பெரிய மரத்துக்கு ஜேசிபி வையுங்கள், இந்த வேலைக்கு நான் தடை சொல்லவில்லை. அடிவேரோடு தூரைப் புரட்டி எடுக்கச் சொல்லுங்கள், எடுத்த குழியை மூடி மிதிக்கச் சொல்லுங்கள்.

கரி மூட்டம் போடுகிறவர்கள் சும்மா வெட்டிக்கொண்டு போகிறேன் என்று வருவார்கள். கொடுக்கலாம், தூரையும் எடுப்பதாகப் பேசிக்கொண்டு கொடுங்கள். பாதையில் சிதறிக் கிடக்கிற முள்ளைக் கூட்டி அள்ளாமல் வண்டியை விட்டால் பஞ்சர் கடைக்காரர்தான் சந்தோஷப்படுவார்.

தூத்துக்குடி வாசகர்: உப்பளத்துக் கழிவு உப்பைப் பாதையில் தூவினால் புல் முளைக்காதாமே?

புல் மட்டுமா முளைக்காது? கிணற்றுக்கும் இறங்கும், வண்டி அடிப்பாகமும் துருப்பிடிக்கும். வேண்டாம்.

கடையநல்லூர் வாசகர்: கிளைபோசேட் களைக்கொல்லி அடித்துவிடலாமா?

2022-லேயே மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது, நாமாக அடிக்கக் கூடாது. வெட்டுங்கள்.

சங்கரன்கோவில் வாசகர்: ஒரு கிலோமீட்டர் பாதை, 42 எச்பி டிராக்டர் இருக்கிறது. பிரஷ் கட்டர் வைத்து வெட்டி மாளவில்லை.

இவ்வளவு நீளத்துக்கு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிப் புல் வெட்டுகிற ஸ்லாஷர்தான். உங்கள் டிராக்டருக்கு ஐந்தடி அகலம் போதும். வெட்டு உயரத்தை நான்கு அங்குலத்துக்குக் கீழே இறக்காதீர்கள். டிராக்டரிலிருந்து ஸ்லாஷரைச் சுற்றவைக்கிற பிடிஓ ஷாஃப்டை மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள், வேட்டி நுனி மாட்டினால் போதும், ஆளையே சுற்றிவிடும். பளு மீறினால் தான் உடைந்து மெஷினைக் காப்பாற்றுகிற ஷியர் போல்ட் உடைந்தால் அதே ரகப் போல்ட்டைத்தான் போட வேண்டும். கெட்டிப் போல்ட் போட்டால் போல்ட் உடையாது, கியர் பாக்ஸ் உடையும். வாங்கும்முன் ஒரு தடவை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள்.

பாளையங்கோட்டை வாசகர்: மகள் அமெரிக்காவில் பஃபலோ பக்கம் கிராமத்தில் வீடு வாங்கியிருக்கிறாள். ரோட்டிலிருந்து வீட்டுக்கு 150 மீட்டர், ஜல்லிப் பாதை. பனி தள்ள என்ன மெஷின் என்று உங்களிடம் கேட்கச் சொன்னாள்.

நல்ல ஆளிடம் கேட்டாள். ஆனாலும் நீளமும் தரையும் எழுதியிருக்கிறீர்களே, சொல்கிறேன். ஈரி ஏரியிலிருந்து ஈரத்தை அள்ளிவந்து கொட்டுகிற இடம் அது, ஒரே மூச்சில் முழங்காலுக்கு மேல் விழும். சின்ன சிங்கிள் ஸ்டேஜ் ஸ்னோ புளோவர் ஆகாது. அதன் திருகு தரையைத் தொட்டுக்கொண்டு சுற்றும், ஜல்லியை வாரி வீசும். டூ ஸ்டேஜ் வாங்கச் சொல்லுங்கள், இரு பக்கமும் இருக்கிற சறுக்குக் கட்டையை இறக்கி, வாய் தரையிலிருந்து ஓர் அங்குலமாவது தூக்கி நிற்கிற மாதிரி வைக்க வேண்டும். அடியில் கொஞ்சம் பனி இறுகிக் கிடக்கட்டும், அதுவே ஜல்லியைப் பிடித்துக்கொள்ளும்.

வாயில் பனி அடைத்தால் கையை விடவே கூடாது. என்ஜினை நிறுத்தின பிறகும் உள்ளே முறுக்கு மிச்சமிருந்து ஒரு சுற்றுச் சுற்றும், விரல் போய்விடும். மெஷினோடு ஒரு குச்சி கொடுப்பார்கள், அதை வைத்துத்தான் குத்த வேண்டும். இதற்கும் ஷியர் பின் உண்டு, சங்கரன்கோவில்காரருக்குச் சொன்னதேதான்.

முதல் வருஷம் பிக்கப்பில் பிளேடு மாட்டித் தள்ளுகிற ஆளோடு சீசனுக்குப் பேசிக்கொண்டு, எவ்வளவு விழுகிறது என்று பார்த்துவிட்டு மெஷின் வாங்குவதுதான் புத்தி. முதல் பனியிலேயே ஓரத்தைத் தாராளமாகத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். ஒதுக்கின பனி உறைந்து கல்லாகிவிடும், அப்புறம் தை, மாசியில் பாதை குறுகிக் கார் நுழையாது. பாதை ஓரம் தெரிய நம் ஊர் மழைக்காலத்திலேயே, அங்கே மண் உறையும் முன், கம்பு நட்டுக்கொள்ள வேண்டும்.

அம்பாசமுத்திரம் வாசகர்: பிரஷ் கட்டர் வாங்கிவிட்டேன். மானியத்துக்கு யாரைப் பார்க்க?

முதலில் வாங்கிவிட்டு அப்புறம் கேட்டால் கிடைக்காது. உழவன் செயலியில் பதிந்து, வேளாண் பொறியியல் துறை அனுமதி வந்த பிறகுதான் வாங்க வேண்டும். சிறு, குறு விவசாயிக்கும் பெண்களுக்கும் பாதி விலை வரை, மற்றவர்களுக்கு 40 சதவீதம். அடுத்த மெஷினுக்காவது ஞாபகம் வையுங்கள்.

கடையம் வாசகி: வயது 68, தனியாக இருக்கிறேன். 80 மீட்டர் பாதை, பார்த்தீனியம்தான் அதிகம்.

அம்மா, நீங்கள் எதுவும் வாங்க வேண்டாம். பூப்பதற்கு முன்னால் ஆள் வைத்து வேரோடு பிடுங்கச் சொல்லுங்கள், கையுறையும் முகத்துக்குத் துணியும் கட்டிக்கொண்டு. மெஷினில் வெட்டினால் அதன் சாறும் தூளும் தெறித்து அரிப்பு வரும். இரண்டு பேருக்கு ஒரு நாள் வேலை. பூத்துவிட்ட செடி என்றால் சாக்கில் போட்டுக் கட்டி எடுக்கச் சொல்லுங்கள், பாதையில் இழுத்துக்கொண்டு போனால் விதை வழி நெடுக உதிரும்.