பவர் கண்டிஷனர்: பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

கேள்வி: புதிதாக ஒரு ஆம்ப்ளிபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கினேன். "பவர் கண்டிஷனர் இல்லாமல் இதன் முழு ஒலியும் வெளியே வராது" என்கிறார் கடைக்காரர். விலை, ஆம்ப்ளிபயர் விலையில் பாதி. வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம்.

பவர் கண்டிஷனர் என்பது ஒரே பொருளின் பெயர் இல்லை. திடீரென்று பாயும் அதிக வோல்டேஜை அடக்கும் சர்ஜ் புரொடெக்டர், மின்கம்பி வழியே வரும் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர், வோல்டேஜை ஏற்றி இறக்கும் ஸ்டெபிலைசர், கரன்ட் போனால் தாங்கும் யூ.பி.எஸ். இவற்றில் எதையும் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் வைத்து, முன்னால் ஒரு நீல விளக்கைப் போட்டு இந்தப் பெயரில் விற்கலாம். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. அதனால் கடையில் முதலில் கேட்க வேண்டியது, உள்ளே இருப்பது இதில் எது என்பதைத்தான். பதில் சொல்லத் தடுமாறினால் கிளம்பிவிடுங்கள்.

சுவரிலிருந்து வரும் மின்சாரம் நேராக ஸ்பீக்கருக்குப் போவதில்லை. ஆம்ப்ளிபயர் அதை ஒரே திசையில் ஓடும் டி.சி.யாக மாற்றி, பெரிய கெப்பாசிட்டர்களில் சேர்த்து வைத்து, அதிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்கிறது. ஒழுங்காகச் செய்த ஆம்ப்ளிபயர் என்றால் சுத்திகரிப்பின் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும். இன்னொரு விஷயம்: டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்ளிபயரில் அந்தக் கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தைச் சீராகக் குடிப்பதில்லை. மின்சார அலை உச்சத்தைத் தொடும் கண நேரத்தில் மட்டும், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை, மடக்கு மடக்காக இழுக்கும். நடுவில் திறன் குறைந்த ஃபில்டரைச் செருகினால் அந்த மடக்கு சிறுத்துவிடும். ஒலி மேம்பட வாங்கிய பொருளே பாட்டின் அழுத்தமான இடங்களில் ஒலியை மந்தமாக்கும்.

ஆனால் ஒரு நல்ல சர்ஜ் புரொடெக்டர் கட்டாயம் வேண்டும். விலையும் அதிகமில்லை. பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது எம்.ஓ.வி. என்ற சிறு வில்லை. வோல்டேஜ் எல்லை மீறினால் அதைத் தன் வழியே திருப்பிவிடும். எவ்வளவு தாங்கும் என்பதை ஜூல் கணக்கில் போட்டிருப்பார்கள், கூடுதலாக இருப்பது நல்லது. ஒவ்வொரு அடிக்கும் அந்த வில்லை கொஞ்சம் தேயும். தேய்ந்து முடிந்த பிறகும் சாக்கெட்டில் கரன்ட் வந்துகொண்டுதான் இருக்கும், பாதுகாப்பு மட்டும் இருக்காது. எனவே பாதுகாப்பு இருக்கிறதா என்று காட்டும் தனி விளக்கு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் எர்த் சரியாக இல்லையென்றால் இந்தச் செலவும் பாதி வீண். ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்து அதை முதலில் சரிபாருங்கள். நேரடி இடிக்கு எந்தப் பெட்டியும் தாங்காது. இடி மின்னல் நெருங்கும்போது பிளக்கை உருவுங்கள், ஆன்டெனா கம்பியையும் நெட்வொர்க் கம்பியையும் சேர்த்து.

கேள்வி: கணினியை ஆம்ப்ளிபயரோடு இணைத்த நாளிலிருந்து ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஒரு சத்தம். ஃபில்டர் உள்ள பவர் கண்டிஷனர் வாங்கிப் போட்டேன். சத்தம் அப்படியே இருக்கிறது. பெட்டி பழுதா?

பதில்: பெட்டி நன்றாகத்தான் இருக்கும், உங்கள் தொல்லைக்கு அது மருந்தில்லை. கணினியைக் கழற்றினால் சத்தம் நின்றுவிடுகிறதா? நின்றால் அது எர்த் லூப். கணினிக்கு ஒரு எர்த், ஆம்ப்ளிபயருக்கு இன்னொரு எர்த். இரண்டையும் ஆடியோ கம்பி இணைத்து ஒரு வளையமாக்குகிறது. அந்த வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டம்தான் முனகலாகக் கேட்கிறது. மின்சாரத்தை எவ்வளவு வடிகட்டினாலும் அது போகாது.

முதலில் எல்லாவற்றையும் ஒரே சாக்கெட்டிலிருந்து கிளம்பும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். பல வீடுகளில் கதை இதோடு முடிந்துவிடும். முடியாவிட்டால், இரு பக்கமும் வசதி இருந்தால் ஆப்டிகல் கேபிளுக்கு மாறுங்கள். அதில் போவது வெளிச்சம், எர்த்துக்கு அங்கே பாதையே கிடையாது. அதுவும் இயலாதென்றால் ஆடியோ கம்பியின் நடுவே வைக்கும் சிறிய ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. பிளக்கின் எர்த் முள்ளை ஒடித்துப் போட்டால் சத்தம் நிற்கும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். நிற்கும்தான். ஆனால் உள்ளே ஏதாவது பழுதானால் ஆம்ப்ளிபயரின் உலோக உடம்பில் கரன்ட் ஏறி நிற்கும், தொட்டவருக்கு உயிர் போகலாம். அதை மட்டும் செய்யாதீர்கள்.

முனகல் ஸ்பீக்கரில் இல்லாமல் ஆம்ப்ளிபயர் பெட்டியிலிருந்தே வருகிறது என்றால் அது வேறு கதை. வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு மின்சாரத்தில் துளி டி.சி. கலந்தாலும் ஆகாது. வீட்டில் யாராவது ஹேர் டிரையரைப் பாதிச் சூட்டில் ஓட்டும்போது மட்டும் முனகுகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் டி.சி. பிளாக்கர் என்ற சின்னப் பொருள் போதும்.

கேள்வி: எங்கள் வீட்டில் வோல்டேஜ் 180-க்கும் 260-க்கும் நடுவில் ஆடுகிறது. ஸ்டெபிலைசர் போட்டால் ஒலி கெடும் என்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: இந்த நிலைமையில் ஒலியைப் பற்றிய கவலை இரண்டாவதுதான். 230 வோல்ட்டுக்குச் செய்த சாதாரண ஆம்ப்ளிபயர், 180-ல் ஏறத்தாழ 60 சதவீத சக்திதான் தரும். கேட்க அச்சமாக இருந்தாலும் காதுக்கு அது சுமார் 2 டெசிபல் குறைவு, அவ்வளவே. உண்மையான ஆபத்து மேலே போவதில் இருக்கிறது. 260 தினமும் வந்தால் கெப்பாசிட்டர்களின் ஆயுள் குறையும். மூன்று ஃபேஸ் இணைப்பில் எங்காவது நியூட்ரல் அறுந்தால் 400 வோல்ட் வரைகூட ஏறலாம்; அதைச் சர்ஜ் புரொடெக்டரால் தாங்க முடியாது, எரிந்துபோகும். ஆகவே ஹை வோல்டேஜ் வந்தால் தானாகத் துண்டிக்கும் கட்-ஆஃப் உள்ளதா என்று முதலில் பாருங்கள்.

ஆம்ப்ளிபயரின் பின்பக்கம் 100–240 வோல்ட் என்று எழுதியிருந்தால், லோ வோல்டேஜைப் பற்றிக் கவலை வேண்டாம். கட்-ஆஃப் ஒன்றே போதும். இல்லையென்றால் ஸ்டெபிலைசர் வாங்கத்தான் வேண்டும். ரிலே வகை மலிவு, ஆனால் படிப்படியாகத் தாவும், ஒவ்வொரு தாவலுக்கும் "டிக்" என்று சத்தம். என்னிடம் ஒன்று இருந்தது. மெல்லிய வயலின் ஆலாபனையின் நடுவே சொல்லிவைத்தாற்போல் டிக்கும். சர்வோ வகை மோட்டார் வைத்துச் சீராக நகர்த்தும், துல்லியமும் கூடுதல். கார்பன் பிரஷ் தேய்ந்தால் மாற்ற வேண்டியிருக்கும். இசைக்கு நான் சர்வோவையே எடுப்பேன். ஆம்ப்ளிபயர், பிளேயர் எல்லாவற்றின் மின்செலவையும் கூட்டி, குறைந்தது ஒன்றரை மடங்கு வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) திறனுள்ளதாகப் பாருங்கள். ஸ்விட்சைப் போட்ட முதல் கணத்தில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இழுக்கும் கரன்ட் வழக்கத்தைவிடப் பல மடங்கு. ஸ்டெபிலைசரை அலமாரிக்குள்ளோ டர்ன்டேபிள் பக்கத்திலோ வைக்காதீர்கள்.

கேள்வி: யூ.பி.எஸ்.ஸில் ஆம்ப்ளிபயரை இணைக்கலாமா?

பதில்: தேவையில்லை. கரன்ட் போனால் பாட்டு நிற்கும், வேறொன்றும் ஆகாது. மலிவான யூ.பி.எஸ். பேட்டரியில் ஓடும்போது தருவது படிக்கட்டு மாதிரியான அலை. அதில் டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப்ளிபயர் உறுமும். சைன் வேவ், அதாவது சீராக வளையும் அலை, என்று போட்டிருந்தால் பரவாயில்லை. வரும் கரன்ட்டை எப்போதும் டி.சி.யாக்கி, மீண்டும் ஏ.சி.யாக்கிக் கொடுக்கும் ஆன்லைன் வகை மின்சாரத்தைச் சுத்தமாகத் தரும், ஆனால் அதன் விசிறி ஓயாது. பாடல்களை ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறீர்கள் என்றால் அந்தப் பெட்டிக்கு மட்டும் சிறியது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் கோப்புகள் கெட்டுவிடும். ஆம்ப்ளிபயரைச் சர்ஜ் புரொடெக்டரிலேயே விட்டுவிடுங்கள்.