வாசகர் கேள்வி – பதில்: நாலு மணிக்கு எழ முடியாதவர்களின் ஜெபம்

கேள்வி: ஐயா, நான் மருத்துவமனையில் நர்ஸாக வேலை செய்கிறேன். ஒரு வாரம் பகல் டியூட்டி, அடுத்த வாரம் நைட் டியூட்டி. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள், படுக்கையில் இருக்கும் மாமியார். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து ஜெபிக்காதவர்கள் ஆவிக்குரிய வாழ்க்கையில் வளரவே முடியாது என்று எங்கள் சபையில் அடிக்கடி சொல்கிறார்கள். நானோ வேதத்தைத் திறந்தால் ஐந்தாவது வசனத்திலேயே தூங்கிவிடுகிறேன். ஆண்டவர் என்மேல் வருத்தமாக இருப்பாரோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு சகோதரி, நாகர்கோவில்

பதில்: சகோதரி, நைட் டியூட்டி முடித்து வந்த அன்று முதலில் தூங்குங்கள். தூங்குவது பாவமில்லை. அதிகாலையில் எழுந்து ஓயாமல் பாடுபடுவது வீண், தமக்குப் பிரியமானவனுக்கு அவரே நித்திரை அளிக்கிறார் என்று 127-ஆம் சங்கீதம் சொல்கிறது. எலியா களைத்துப்போய் சூரைச்செடியின் கீழே படுத்து, சாக வேண்டும் என்று கேட்டபோது, தேவதூதன் வந்து ஏன் ஜெபிக்கவில்லை என்று அதட்டவில்லை, தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், மறுபடியும் தூங்கவிட்டு மறுபடியும் சாப்பிடச் சொன்னான். உங்களுக்கும் அதே ஆண்டவர்தான்.

அதிகாலை ஜெபத்துக்கு எல்லோரும் காட்டுகிற வசனம் மாற்கு 1:35. இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார், உண்மைதான். ஆனால் அதற்கு முந்தின வசனங்களையும் வாசித்துப் பாருங்கள், முந்தைய நாள் பொழுது சாய்ந்த பிறகு கப்பர்நகூம் ஊரே வியாதிக்காரர்களைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றது, அவர் அத்தனை பேரோடும் இருந்துவிட்டுத்தான் படுத்திருக்கிறார். மறுநாள் காலை அந்த ஜெபத்தையும் யாரும் நிம்மதியாக விடவில்லை, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு சீமோன் பின்னாலேயே வந்துவிட்டார். ஜெப நேரத்தில் பிள்ளை அழுதால் அதை இப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அதே மாற்கு ஆறாம் அதிகாரத்தில் ஜனங்களை அனுப்பிவிட்டுச் சாயங்காலம் மலைக்குப் போகிறார், லூக்காவில் பன்னிரண்டு பேரைத் தெரிந்தெடுப்பதற்கு முன் இரவு முழுவதும் ஜெபிக்கிறார். ஒரே நேரம் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் பிதாவோடு தனியாக இருப்பதை விடவும் இல்லை. இந்த இரண்டாவதைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அதனால் உங்களுக்கு ஒரு நேரம் வேண்டாம், டியூட்டிக்குத் தக்கபடி இரண்டு நேரம் வையுங்கள். பகல் டியூட்டி வாரத்தில் பிள்ளைகள் எழுவதற்கு முன் கொஞ்ச நேரம். நைட் டியூட்டி வாரத்தில் மதியம் தூங்கி எழுந்ததும், போனை எடுப்பதற்கு முன்னால். படுக்கையில் சாய்ந்துகொண்டு வாசித்தால் தூக்கம் வரத்தான் செய்யும், நின்றுகொண்டு சத்தமாக வாசியுங்கள். ஒரு வருஷத்தில் முழு வேதாகமத்தையும் முடிக்கிற அட்டவணையை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். மொத்தம் 1,189 அதிகாரங்கள், தினம் மூன்றுக்கு மேல் வாசித்தால்தான் முடியும், நாலு நாள் விட்டுப்போனால் குற்ற உணர்வுதான் மிஞ்சும். மாற்கு சுவிசேஷத்தில் பதினாறே அதிகாரம், அதில் ஒரு சம்பவம் ஒரு நாளைக்குப் போதும். பிள்ளைகள் வளர்ந்த பிறகு அட்டவணையைப் பார்த்துக்கொள்ளலாம்.

வார்டில் இருக்கும்போது, பெர்சிய ராஜாவுக்குப் பானபாத்திரக்காரராக வேலை செய்த நெகேமியாவை நினைத்துக்கொள்ளுங்கள். உனக்கு என்ன வேண்டும் என்று ராஜா கேட்கிறார், நெகேமியா பதில் சொல்வதற்கு முன் பரலோகத்தின் தேவனிடம் ஜெபித்துவிடுகிறார். கண்ணை மூடவில்லை, முழங்கால் போடவில்லை, வேலையை நிறுத்தவும் இல்லை. நோயாளியின் கட்டில் பக்கம் போகும்போது அவர் பெயரை மனதுக்குள் ஆண்டவரிடம் சொல்லலாம். (மருந்தின் அளவைப் பார்க்கும் நேரத்தில் மட்டும் கவனம் முழுவதும் மருந்தில் இருக்கட்டும், அதுவும் உண்மையுள்ள ஊழியம்தான்.) ஆனால் நெகேமியாவின் அந்த ஒரு நொடி ஜெபத்துக்குப் பின்னால், கிஸ்லேயு மாதத்திலிருந்து நிசான் மாதம் வரைக்கும் (ஏறக்குறைய நாலு மாதம்) அவர் உபவாசித்து அழுது ஜெபித்த ஜெபம் இருந்தது. ஆகவே, நாள் முழுக்க மனதுக்குள் ஜெபிக்கிறேனே, தனி ஜெபம் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். தானியேல் 120 தேசாதிபதிகளுக்கு மேலே வைக்கப்பட்ட மூன்று பிரதானிகளில் ஒருவர், அவருக்கு இல்லாத வேலையா? தினம் மூன்று வேளை முழங்காலில் நின்றார்.

அப்புறம் ஒரு விஷயம், இதை உங்கள் வீட்டுக்காரரும் வாசிக்கட்டும். உங்கள் கடிதத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள், மாமியார் இருக்கிறார், உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நம் வீடுகளில் பல ஆண்கள் முன்னறையில் அமைதியாக ஒரு மணி நேரம் ஜெபிக்க முடிவதற்குக் காரணம், அந்த நேரத்தில் மனைவி சமையலறையில் நிற்பதுதான். மனைவியைக் கனம்பண்ணி விவேகத்தோடு வாழுங்கள், உங்கள் ஜெபங்களுக்குத் தடை வராதபடி அப்படிச் செய்யுங்கள் என்று பேதுரு புருஷர்களுக்குத்தான் எழுதுகிறார் (1 பேதுரு 3:7). தினமும் இருபது நிமிஷம் பிள்ளைகளையும் அம்மாவையும் அவர் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். வெளிப்படையாகக் கேளுங்கள்.

கேள்வி: தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வேலைக்குப் போகும்போது போனில் ஆடியோ பைபிள் கேட்கிறேன். இதையும் வேத வாசிப்பாக எடுத்துக்கொள்ளலாமா?
– ஒரு சகோதரர், தாம்பரம்

பதில்: தாராளமாக. அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் ஊருக்குப் போகிற வழியில்தான் ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தார். அவர் வாசிப்பது பிலிப்புவின் காதில் விழுந்தது என்றால் வாய்விட்டுத்தான் வாசித்திருக்கிறார். ஆதி சபையிலும் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள், வாசிக்கிறவனோடு கேட்கிறவர்களையும் சேர்த்துத்தான் வெளிப்படுத்தின விசேஷம் 1:3 பாக்கியவான்கள் என்கிறது. கேட்கும்போது வாட்ஸ்அப் சத்தத்தை நிறுத்திவிடுங்கள், புரியாத இடம் வந்தால் அந்த மந்திரி கேட்டதுபோல யாரிடமாவது கேளுங்கள். ஜெபத்துக்கு மட்டும் ரயிலை நம்ப வேண்டாம், அதற்கு வீட்டிலேயே ஒரு நேரம் பாருங்கள்.