கிழமைக் கட்டம்: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

ரோஸ் ஹில்லிலிருந்து எழுதுகிறேன். எனக்குக் கைக்கடிகாரப் பித்து உண்டு. வாங்குவது குறைவு, யாரும் செய்யாத கடிகாரங்களைக் காகிதத்தில் வரைந்து பார்ப்பதுதான் அதிகம். கடைசியாக வரைந்ததை இணைத்திருக்கிறேன். 36 மில்லிமீட்டர் குறுக்களவு, மெல்லிய எஃகுக் கூடு, கிழமை தேதி எதுவும் கிடையாது, முகப்பில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை தமிழ் எண்கள். ஜப்பானின் சீக்கோ அரபு எழுத்துமுறை எண்களோடு செய்கிறது. இந்தியாவின் எச்.எம்.டி. தேவநாகரி எண்களோடு செய்தது. நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில்கூடத் தமிழ் எண் இருக்கிறது. கடிகாரத்தில் மட்டும் ஏன் இல்லை? இந்தத் தீவிலிருந்து நாம் கேட்டால் எந்த நிறுவனத்தின் காதில் விழும்?

அன்புடன்,
ரோஸ் ஹில் வாசகர்

அன்புள்ள தம்பி,

படத்தை இரண்டு நாட்களாக மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நன்றாக வரைகிறீர்கள். 36 மில்லிமீட்டர் விஷயத்தில் உங்களோடு எனக்கு வழக்கே இல்லை. ரோலெக்ஸே 2021இல் தன் எக்ஸ்ப்ளோரரை 39-லிருந்து 36-க்கு இறக்கிவிட்டது. என்னைப் போல மெலிந்த மணிக்கட்டு உள்ளவர்கள் இத்தனை வருடம் சாப்பாட்டுத் தட்டைக் கட்டிக்கொண்டு அலைந்தோம்.

எண்களுக்கு வருகிறேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டை ௧௦, ௧௧, ௧௨ என்று எழுதியிருக்கிறீர்கள். பூஜ்யம் சேர்த்து எழுதுவது பின்னால் வந்த வழக்கம். பத்துக்கென்றே நம்மிடம் ௰ இருக்கிறது. ௰, ௰௧, ௰௨ என்று எழுதிப் பாருங்கள். பத்தாம் மணியில் ஒற்றை எழுத்து அழகாக உட்காரும்.

ஆனால் எனக்குள்ள சந்தேகம் வேறு. உங்கள் படத்தைத் தங்கை மகளிடம் காட்டினேன். பள்ளியில் தமிழ் எடுத்துப் படிக்கிறவள். கடிகாரத்தைச் சுற்றி விரலை ஓட்டி, "க, உ" என்று தொடங்கினாள். நாலாம் மணியில் "ச", ஏழில் "எ", எட்டில் "அ". எழுத்துக்கூட்டிச் சொல் எதுவும் வரவில்லை என்றதும் என்னைப் பார்த்தாள். அதே பெண்ணிடம், "மணி என்ன?" என்று கேட்டேன். "பத்து பத்து" என்று சட்டென்று சொன்னாள். நீங்கள் முள்ளை அங்கேதானே வரைந்திருக்கிறீர்கள்!

கடிகார முகப்பில் எண்ணை யாரும் படிப்பதில்லை, தம்பி. முள்கள் நிற்கும் கோணத்தைத்தான் படிக்கிறோம். எண்ணே இல்லாமல் வெறும் கோடு போட்ட முகப்பிலும் நமக்கு மணி தெரிகிறதே. அப்படியானால் அங்கே தமிழ் எண் போடுவது பட்டுப்புடவைக்குக் கரை போடுவது மாதிரி. கரை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ரூபாய் நோட்டின் கதை வேறு: அங்கே எழுத்தின் இடம் உரிமைப் பிரச்சினை. 1998இல் வெளியான புதிய நோட்டுகளில் இந்தி தமிழுக்கு மேலே ஏறியபோது எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள்.

கடிகாரத்தில் நாம் உண்மையிலேயே படிக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்: மூன்று மணிக்குப் பக்கத்தில் உள்ள கிழமைக் கட்டம். உங்கள் படத்தில் அதைத்தான் வேண்டாம் என்று அடித்துவிட்டீர்கள்.

அப்பா எண்பதுகளில் போர்ட் லூயியில் ஒரு சீக்கோ 5 வாங்கினார். அதன் கிழமைச் சக்கரத்தில் இரண்டு மொழிகள் இருந்தன, ஆங்கிலமும் ஸ்பானிஷும். திருகை இழுத்துத் திருப்பும்போது அவர் ஸ்பானிஷில் நிறுத்திவிட்டார். திங்களன்று 'லுன்', செவ்வாயன்று 'மார்'. பிரெஞ்சிலும் அதே சுருக்கம் என்பதால் இரண்டு நாள் நிம்மதியாக இருந்தார். புதன்கிழமை 'மியே' என்று வந்தது. அந்த எழுத்துகளைப் பிரெஞ்சில் படித்தால் ரொட்டியின் மெத்தென்ற உட்பகுதி. கடிகாரம் கெட்டுவிட்டது என்று நினைத்தார். வெள்ளிக்கிழமை 'வியே' வந்தது. பிரெஞ்சுக்காரனுக்கு அது வாழ்க்கை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து மணிக்கட்டை நீட்டிக் காட்டிச் சிரித்தார். அதற்குப் பிறகு அதை ஆங்கிலத்துக்கு மாற்றவே இல்லை.

அந்தச் சக்கரம் எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஏழு கிழமைகள், இரண்டு மொழிகள், ஆக 14 சொற்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக அச்சாகியிருக்கும். நள்ளிரவை ஒட்டிச் சக்கரம் ஓர் அடி நகரும், இன்னும் சிறிது நேரம் கழித்து மற்றோர் அடி. அதனால் நீங்கள் எந்த மொழியை வைத்திருந்தாலும் இரவில் கொஞ்ச நேரம் மற்ற மொழி எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். இந்தத் தீவுக்கென்று ஒரு சக்கரம் செய்தால் பிரெஞ்சும் தமிழும்தான் போட வேண்டும். பகலில் பிரெஞ்சு, ஊர் உறங்கியதும் தமிழ். நம் வீடுகளின் நிலவரத்துக்கு அது பொருந்தவும் செய்யும்.

தமிழுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. நாள்காட்டியில் கிழமையைச் சுருக்கி ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று எழுதுகிறோம். ஆங்கிலத்துக்கு மூன்று எழுத்து வேண்டும், நமக்கு ஒன்று போதும். என் பாட்டி கோயில் பள்ளியில் படித்தவள். ராகு காலத்தை "திருவிழா சந்தடியில் வெளியே புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்ற வாக்கியத்தை வைத்துத்தான் கணக்குப் போடுவாள். திங்கள் ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரை மணி ஒன்றரை மணியாகத் தள்ளிக்கொண்டே போனால், சனி ஒன்பது, வெள்ளி பத்தரை, ஞாயிறு மாலை நாலரை. அந்த வாக்கியத்தின் முதலெழுத்துகளும் சக்கரத்தின் எழுத்துகளும் ஒன்றுதான். கட்டத்தில் 'வெ' என்று பார்த்தால் அவளுக்கு மீதி எல்லாம் தெரிந்துவிடும். (காலை ஆறு மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்துப் போட்ட கணக்கு அது. இங்கே டிசம்பரில் ஐந்தரைக்கு முன்பே விடிந்துவிடும், ஜூலையில் சூரியன் எழ ஏறக்குறைய ஆறே முக்கால் ஆகிவிடும். பாட்டி அதைப் பொருட்படுத்தியதில்லை.)

யார் காதில் விழும் என்று கேட்டிருக்கிறீர்கள். சுவிட்சர்லாந்தை விடுங்கள். எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை 2016இல் மூட முடிவெடுத்துவிட்டார்கள். தமிழில் கேட்பதானால், ஓசூரில் கடிகார ஆலை வைத்திருக்கும் டைட்டனிடம் கேட்பதே முறை. டைட்டன் 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது. ஆனால் நம் மொத்த மக்கள்தொகையே பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம். நமக்காக ஒருவன் தனியாக அச்சுக்கட்டை செதுக்கமாட்டான். சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர், டர்பன் எல்லோரும் சேர்ந்து கேட்டால் யோசிப்பான்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். கிழமையும் தேதியும் காட்டும் என்எச்36 என்ற சீக்கோவின் உள் இயந்திரம் தனியாகவே விற்கிறது. சின்னச் சின்ன நிறுவனங்கள் அதை வாங்கித்தான் தங்கள் கூட்டில் பொருத்துகின்றன. அதன் கிழமைச் சக்கரத்தைக் கழற்றி வேறு போடலாம். உங்களுக்குத்தான் கை வருகிறதே, முகப்பை விட்டுவிட்டு அந்த 14 சொற்களை வரையுங்கள்.

நான் பென்சிலில் முயன்று பார்த்ததில் ஒரு சிக்கல் வந்தது. அரிசி மணி அளவுக்குச் சுருக்கினால் 'செ'யும் 'வெ'யும் ஒன்றுபோலத் தெரிகின்றன. கண்ணாடி போட்ட என் வயதுக்காரன் செவ்வாயன்றே வார இறுதி வந்துவிட்டதென்று நம்பிவிடுவான். வெள்ளிக்கு மட்டும் 'வெள்' என்று போடலாமா, அல்லது எழுத்தின் நிறத்தை மாற்றலாமா? ஞாயிறுக்குச் சிவப்பு ஏற்கெனவே போய்விட்டது. யோசித்து வரைந்து அனுப்புங்கள்.