17,000 மைல் ஃபெராரியா, 44,000 மைல் ஃபெராரியா: எதை எடுக்கறது?

கேள்வி: லண்டன் குராய்டன்ல இருக்கேன். கையில 55,000 பவுண்ட் இருக்கு. ரெண்டு ஃபெராரி 360 மோடேனா பாத்து வச்சிருக்கேன், ரெண்டுமே 2002 மாடல், எஃப்1 கியர், ரெண்டுக்கும் 50,000 கிட்ட கேக்கறாங்க. ஒண்ணு 17,000 மைல்தான் ஓடியிருக்கு, பளபளன்னு இருக்கு, ஆனா கடைசி சர்வீஸ் பில் 2018. இன்னொண்ணு 44,000 மைல், பம்பர்ல கல்லடி, ஆனா ஒரு ஃபைல் நிறைய பில். மச்சான் ஒருத்தர் மசராட்டி கிராண்டுரிஸ்மோ எடு, பாதி காசுதான்ங்கறார். எதை எடுக்கலாம், மெயின்டனன்ஸுக்கு எவ்வளவு ஒதுக்கணும், தினமும் ஆபீஸுக்கு ஓட்டலாமா?

பதில்: ரெண்டு 360-ல ஒண்ணுன்னா 44,000 மைல் வண்டிதான். அந்த பளபளா வண்டி அதே விலைக்கு வேண்டவே வேணாம்.

இந்த மாதிரி வண்டிங்க ஓடி கெடறதை விட நின்னு கெடறதுதான் ஜாஸ்தி. 360-ல இருக்கறது 3.6 லிட்டர் வி8, சிலிண்டருக்கு அஞ்சு வால்வு, மொத்தம் 40, அத்தனையையும் நேரத்துக்கு திறந்து மூட வைக்கறது ரப்பர் டைமிங் பெல்ட். பெல்ட்டுக்கு மைல் கணக்கை விட வயசுக் கணக்குதான் முக்கியம், மூணு வருஷத்துக்கு ஒருதரம் மாத்திடறதுதான் வழக்கம். அது அறுந்தாலோ, அதை இழுத்துப் பிடிச்சிருக்கற டென்ஷனரோட பேரிங் இறுகிட்டாலோ வால்வும் பிஸ்டனும் மோதிக்கும், அப்புறம் இன்ஜினை முழுசா பிரிக்கணும், அந்த பில்லைப் பத்தி இப்ப பேச வேணாம். 2018-க்கு அப்புறம் பெல்ட் மாத்தினதுக்கு ஆதாரம் இல்லன்னா அந்த வண்டியை டெஸ்ட் டிரைவுக்குக் கூட நான் ஸ்டார்ட் பண்ண மாட்டேன். நின்ன வண்டில பெல்ட் மட்டுமில்ல, ஆயில் சீல் காஞ்சிருக்கும், ஹோஸ் வெடிச்சிருக்கும், பேட்டரி செத்திருக்கும். டயர் பக்கவாட்டுல நாலு இலக்க நம்பர் ஒண்ணு இருக்கும் பாருங்க, 2316-ன்னா 2016-ஓட 23-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். ட்ரெட் எவ்வளவு ஆழமா இருந்தாலும் அந்த வயசு டயர்ல 400 குதிரை சக்தியை நம்பி நான் மோட்டார்வேல ஏற மாட்டேன். கல்லடி பட்ட பம்பரா, அது வெறும் பெயின்ட் வேலை, அதைக் காட்டி விலையைக் குறைங்க.

ஒரு ஆறுதல், இதுக்கு முந்தின எஃப்355-ல பெல்ட் மாத்த இன்ஜினையே கீழ இறக்கணும், 360-ல சீட்டுக்குப் பின்னாடி இருக்கற மூடியைக் கழட்டிட்டு அங்கிருந்தே வேலையை முடிச்சிடலாம், கூலி அந்தளவுக்கு மிச்சம்.

அடுத்து எஃப்1 கியர். இதை ஆட்டோமேட்டிக்னு நினைச்சுக்காதீங்க. சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ், சாதாரண கிளட்ச், உங்க காலுக்குப் பதிலா ஹைட்ராலிக் பம்ப் ஒண்ணு மிதிக்குது, அவ்வளவுதான். அதனால டிராஃபிக்ல ஊர்ந்து ஊர்ந்து போனா, ரிவர்ஸ்ல மேட்டுல ஏத்தினா கிளட்ச் கடகடன்னு தேயும், எத்தனை மைல் தாங்கும்னு கேட்டா அது முன்னாடி ஓட்டினவர் பழக்கத்தைப் பொறுத்தது. கம்ப்யூட்டரை மாட்டினா கிளட்ச் எத்தனை சதவீதம் தேஞ்சிருக்குன்னு காட்டும், அந்த பிரிண்ட்டைக் கேட்டு வாங்குங்க, ஆனா கடைசியா கிளட்ச் போட்டப்ப செட்டிங்கை சரியா பண்ணலன்னா அந்த நம்பரே பொய்யாயிடும், அதனால கிளட்ச் மாத்தின பில்லையும் சேத்து வச்சுதான் படிக்கணும். டிரைவர் கதவைத் திறந்ததும் பின்னாடி ர்ர்ர்னு ஒரு சத்தம் வரும், பம்ப் பிரஷர் ஏத்துது, அது நார்மல். வண்டி நிக்கறப்ப சும்மா சும்மா சில விநாடிக்கு ஒருதரம் அதே சத்தம் வந்துட்டே இருந்தா பிரஷர் நிக்கலன்னு அர்த்தம், பிரஷரைச் சேத்து வைக்கற அக்குமுலேட்டர் போயிருக்கலாம், அதைக் கவனிக்காம விட்டா அடுத்து பம்ப்பும் போகும்.

டேஷ்போர்டுல ஸ்லோ டவுன்னு விளக்கு எரிஞ்சா பயந்துடாதீங்க, புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோட சூடு பாக்கற சென்சாரோ அதோட குட்டி கம்ப்யூட்டரோதான் பெரும்பாலும் காரணம். முன்பக்க சஸ்பென்ஷன் பால் ஜாயின்ட் தேயறதும் சகஜம். உள்ள சுவிட்ச் எல்லாம் விரல்ல பிசுபிசுன்னு ஒட்டும், அந்தக் கால ஃபெராரி எல்லாத்துக்கும் அந்த வியாதி உண்டு, இதுக்கெல்லாம் வண்டியை வேணாம்னு சொல்லாதீங்க. ஆனா அலுமினியம் சேஸிஸ்ல அடிபட்டு ரிப்பேர் பண்ணின அடையாளம் இருந்தா நேரா திரும்பி வந்துடுங்க.

செலவுக்கு வரேன். புதுசுல லட்சம் பவுண்டுக்கு மேல வித்த வண்டி இது, இப்ப வண்டி விலை பாதியாயிருக்கு, பார்ட்ஸ் விலை பாதியாகல. டீலர்கிட்ட போகாம ஃபெராரி மட்டுமே பாக்கற தனி கராஜ்ல விட்டாலும், பெல்ட் சர்வீஸ் வர்ற வருஷம், வராத வருஷம் எல்லாம் சராசரி போட்டு, டயர், சில்லறை ரிப்பேர் சேத்து வருஷத்துக்கு 3,000-லருந்து 4,000 பவுண்ட் ஒதுக்கச் சொல்வேன், இன்ஷூரன்ஸ் தனி. அதுக்கும் மேல ஒரு 8,000 தொடாம பேங்க்ல கிடக்கணும், ஏன்னா கிளட்ச்சும் எஃப்1 பம்ப்பும் ஒரே வருஷத்துல படுத்தா அது உங்க சம்பளத்துலருந்து வரக்கூடாது. உங்க கணக்குப்படி வண்டி வாங்கின பிறகு 5,000தான் மிஞ்சும். ஒண்ணு விலையை 46,000 கிட்ட கொண்டு வாங்க, இல்லன்னா ஒரு வருஷம் பொறுங்க.

ஆபீஸ் விஷயத்துக்கு முதல் தடை கிளட்ச் இல்ல, யூலெஸ், அதாவது புகை ஜாஸ்தி விடற பழைய வண்டிங்களுக்கு லண்டன்ல போடற தினசரி கட்டணம். 2023 ஆகஸ்ட் 29-லருந்து குராய்டனும் அதுக்குள்ள வந்துடுச்சு, பெட்ரோல் வண்டின்னா பொதுவா யூரோ 4-ங்கற புகைத் தரம் இருக்கணும், 2002 வண்டி மாட்டலாம். நம்பரைப் போட்டு பாத்துடுங்க. மாட்டினா நாளுக்கு 12.50 பவுண்ட், மாசம் இருபது நாள் ஓட்டினா 250. இதுல குராய்டன் சிக்னல்ல கிளட்ச் தேயற காசு வேற.

தினமும் ஓட்டணும்ங்கறது நிஜமான தேவைன்னா மச்சான் சொல்றதுல நியாயம் இருக்கு. கிராண்டுரிஸ்மோ 2007-ல வந்தது, அதோட வி8 ஃபெராரி எஃப்430 இன்ஜினோட சொந்தக்காரன், பெல்ட் இல்ல, செயின். 4.2 லிட்டர் மாடல்ல இருக்கறது இசட்எஃப் கம்பெனியோட அசல் ஆட்டோமேட்டிக், டிராஃபிக்கைப் பத்தி கவலையே வேணாம். ஆனா காலைல ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்றப்ப முன்பக்கம் கடகடன்னு சத்தம் வருதான்னு கேளுங்க, வால்வு திறக்கற நேரத்தை மாத்தற கேம் வேரியேட்டர் போற அறிகுறி அது, பில் ஆயிரக்கணக்குல வரும். ரோட் டாக்ஸும் இடிக்கும்: 2006 மார்ச் 23-க்கு முன்னாடி பதிவான 360-க்கு கேங்கற வரி பேண்ட், கிராண்டுரிஸ்மோவுக்கு அதை விட ஒசந்த எம், வருஷத்துக்கு நூத்துக்கணக்கான பவுண்ட் வித்தியாசம்.

எதை எடுத்தாலும் முதல்ல எம்ஓடி, அதாவது வருஷாந்திர வண்டி சோதனையோட ஹிஸ்டரியை இலவசமா பாத்துடுங்க, வருஷத்துக்கு 50 மைல் மட்டும் ஓடின வருஷங்கள் அதுலயே தெரிஞ்சிடும். அப்புறம் விக்கறவருக்கு சம்பந்தமில்லாத கராஜ்ல காசு கொடுத்து இன்ஸ்பெக்ஷன் பண்ணுங்க, அடித்தட்டைக் கழட்டி லிஃப்ட்ல ஏத்தி, சிலிண்டர்ல காத்து கசியுதான்னு பாக்கற லீக் டவுன் டெஸ்ட்டும் சேத்து. நான் வர்றதுக்கு முன்னாடி இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு விக்கறவர்கிட்ட சொல்லி வைங்க, போனதும் இன்ஜின் மூடியைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தாலோ இன்ஸ்பெக்ஷனுக்கு இழுத்தடிச்சாலோ அடுத்த வண்டியைப் பாக்கக் கிளம்புங்க, 360 ஆயிரக்கணக்குல செஞ்ச வண்டிதான்.