வாரண்ட் இருக்கிறதா? கோர்ட்டுப் பதிவில் பார்ப்பது எப்படி

இம்முறை மலையிலிருந்து வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: பிடியாணை. அவற்றுக்கே முழுப் பகுதியையும் ஒதுக்கிவிட்டோம்.

என் தங்கை வீட்டுக்காரர் மீது 2021-ல் குன்னூர் கோர்ட்டில் செக் கேஸ் போட்டார்கள். இரண்டு வாய்தாவுக்குப் போனார். பிறகு வேலை தேடித் திருப்பூர் போய்விட்டார். இப்போது "வாரண்ட் ஆகிவிட்டது" என்று ஊரில் பேச்சு. ஸ்டேஷனில் போய்க் கேட்கப் பயமாக இருக்கிறது. செல்போனிலேயே பார்க்க முடியுமா? - வாசகி, கோத்தகிரி

பார்க்கலாம். ஆனால் வாரண்டுகளுக்கென்று பொதுமக்கள் தேடும்படி தனிப் பட்டியல் நம் நாட்டில் கிடையாது. வழக்கைக் கண்டுபிடித்து, அதன் வாய்தாக் குறிப்புகளைப் படித்து, அங்கிருந்துதான் வாரண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஈகோர்ட்ஸ் சர்வீசஸ் என்ற அரசு இணையதளத்துக்குப் போங்கள். அதே பெயரில் செல்போன் செயலியும் உண்டு. 'கேஸ் ஸ்டேட்டஸ்' பகுதியில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று வரிசையாகத் தேர்வு செய்ய வேண்டும். உங்களுக்குத் தமிழ்நாடு, நீலகிரி, குன்னூர். பிறகு எப்படித் தேடுவது என்று கேட்கும். கையில் வழக்கு எண் இருந்தால் அதுவே சுலபம். சம்மன் தாளின் தலைப்பில் வழக்கின் வகையை சி.சி. அல்லது எஸ்.டி.சி. என்று போட்டு எண்ணும் வருடமும் இருக்கும். செக் வழக்குகளில் சில முதலில் சி.சி. எண் வாங்கி, பிறகு எஸ்.டி.சி.யாக மாறியிருக்கும். ஒன்றில் கிடைக்காவிட்டால் மற்றதிலும் பாருங்கள்.

தாளே இல்லையென்றால் பெயரில் தேடுங்கள். குறைந்தது மூன்று எழுத்துகளும் வருடமும் கேட்கும். இந்த வருடம் என்பது வழக்கு கோர்ட்டில் எண் பெற்ற வருடம். செக் திரும்பிய வருடத்தையோ எஃப்.ஐ.ஆர். போட்ட வருடத்தையோ போட்டுவிட்டு "கேஸே இல்லை" என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள்தான் அதிகம். முன்னும் பின்னும் ஒவ்வொரு வருடம் சேர்த்துப் பாருங்கள். நிலுவை, முடிந்தது, இரண்டும் என்ற மூன்றில் 'இரண்டும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

வழக்கு கிடைத்ததும் சி.என்.ஆர். எண்ணைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் ஈகோர்ட்ஸ் கொடுக்கும் 16 இலக்கத் தனி அடையாளம் அது. முதல் நான்கு எழுத்துகள் மாநிலமும் மாவட்டமும், அடுத்த இரண்டு எண்கள் அந்த நீதிமன்ற அமைப்பு, அடுத்த ஆறு வரிசை எண், கடைசி நான்கு வருடம். வழக்கு வேறு கோர்ட்டுக்கு மாறி வழக்கு எண் மாறினாலும் தேடுவதற்கு இந்த எண் போதும். ECOURTS என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அடித்து, ஓர் இடம் விட்டு, சி.என்.ஆர். எண்ணைச் சேர்த்து 9766899899-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அடுத்த வாய்தாத் தேதி வரும். மழைக்காலத்தில் நெட் படுத்துவிடும் எஸ்டேட்காரர்களுக்கு இது கைகொடுக்கும். ஆனால் வாரண்ட் விவரத்துக்கு இணையப் பக்கம்தான் வேண்டும்.

அந்தப் பக்கத்தில் 'கேஸ் ஹிஸ்டரி' என்று ஓர் அட்டவணை இருக்கும். நீல நிறத்தில் இருக்கும் வாய்தாத் தேதிகளைத் தொட்டால் அன்று கோர்ட்டில் நடந்தது இரண்டு வரியில் திறக்கும். சமாச்சாரம் முழுக்க அந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது. "எதிரி ஆஜரில்லை, பிடியாணை" என்றோ, "அக்யூஸ்டு ஆப்சென்ட், இஷ்யூ என்.பி.டபிள்யூ." என்றோ இருந்தால் வாரண்ட் பிறந்துவிட்டது. கோர்ட் தமிழில் 'எதிரி' என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்தான், பகையாளி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பி.டபிள்யூ. என்பது ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட்: அதில் எவ்வளவு தொகைக்கு, எத்தனை ஜாமீன்தாரர் என்று எழுதியிருக்கும், கொடுத்தால் போலீஸே விட்டுவிடும். என்.பி.டபிள்யூ. என்பது போலீஸ் ஜாமீனில் விட முடியாத வாரண்ட்: கோர்ட்டில் நிறுத்தியே ஆக வேண்டும். அடுத்தடுத்த தேதிகளில் 'என்.பி.டபிள்யூ. பெண்டிங்' என்று ஓடிக்கொண்டிருந்தால் வாரண்ட் உயிரோடு இருக்கிறது. 'ரீகால்டு' என்றிருந்தால் ரத்து. '317 மனு அனுமதி' என்றிருந்தால் அன்றைக்கு வராததை கோர்ட் மன்னித்தது என்று பொருள். 317 என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு. அதற்குப் பதில் வந்த புதிய சட்டத்தில் அந்தப் பிரிவுக்கு எண் 355.

கடைசி வாய்தாவை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். 'ஹியரிங்' என்று மொட்டையாக இருக்கும். வாரண்ட் போட்ட நாள் நாலு வாய்தா முன்னால் கிடக்கும். அவர் வராமல் போன முதல் தேதியிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

இன்னொன்று. செக் வழக்கு ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தானே, அதில் எப்படி என்.பி.டபிள்யூ. என்று பலர் கேட்கிறார்கள். குற்றத்தின் தன்மை வேறு, வாய்தாவுக்கு வராததற்குக் கோர்ட் போடும் வாரண்ட் வேறு. வராதவரைக் கூட்டிவர எந்த வழக்கிலும் என்.பி.டபிள்யூ. போடலாம். சம்மனோ, ஜாமீனில் விடக்கூடிய வாரண்டோ பலிக்காது என்று தெரிந்தால்தான் அதைப் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் சொல்லியிருக்கிறது.

பெயர் போட்டுத் தேடினால் ஒரே பெயரில் முப்பது பேர் வருகிறார்கள், அல்லது ஒருவருமே வருவதில்லை. என்ன கோளாறு? - வாசகர், கூடலூர்

தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவதில்தான் கோளாறு. செல்வராஜுக்கு 'வி'யா 'டபிள்யூ'வா, லட்சுமிக்கு எத்தனை எழுத்து என்பதெல்லாம் அன்றைக்குத் தட்டச்சு செய்தவர் கையைப் பொறுத்தது. இனிஷியல் முன்னாலும் வரும், பின்னாலும் வரும். எனவே முழுப் பெயரையும் அடிக்காமல் பெயரின் நடுவில் மாறாத மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் போடுங்கள். எஸ்டேட் லயன் வீடுகளில் ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் இருக்கிற அண்ணன் தம்பி முறைக்காரர்கள் நிறைய. பெயர் பொருந்தியதும் 'இவன்தான்' என்று முடிவு கட்டக் கூடாது. போலீஸ் ஸ்டேஷன், எஃப்.ஐ.ஆர். எண், சட்டப்பிரிவு ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். எண் தெரிந்தால் பெயரை விட்டுவிட்டு அதில் தேடுவதே மேல். போலீஸ் ஸ்டேஷன், எண், வருடம் போதும். எஃப்.ஐ.ஆர். நகலைத் தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவை இணையதளத்தில் பார்க்கலாம். 2016-ல் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 24 மணி நேரத்தில், நெட் வசதி குறைந்த இடங்களில் 72 மணிக்குள் ஏற்ற வேண்டும். பாலியல் குற்றம், போக்சோ போன்றவை மட்டும் ஏறாது.

ஒருவருமே வராததற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, குற்றப்பத்திரிகைக்கு இன்னும் கோர்ட் எண் ஆகவில்லை. மற்றது கூடலூருக்கே உரிய சிக்கல். பெயர்த் தேடல் அந்தந்த நீதிமன்ற வளாகத்துக்குள் மட்டும்தான் நடக்கும். ஊட்டியில் தேடினால் கூடலூர், பந்தலூர் வழக்கு வராது. உங்கள் பக்கத்து ஜீப், லாரி ஓட்டுநர்களின் வழக்குகள் வயநாட்டில் சுல்தான் பத்தேரியிலோ சாமராஜநகர் மாவட்டம் குண்டலுப்பேட்டையிலோ இருக்கலாம். மாநிலத்தை மாற்றித்தான் தேட வேண்டும். போதாக்குறைக்குத் தேனி மாவட்டத்திலும் ஒரு கூடலூர் இருக்கிறது. மாவட்டத்தைச் சரிபார்க்காமல் ஸ்டேஷன் பெயரை மட்டும் நம்பினால் கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுவீர்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன் அடிதடி வழக்கில் வாரண்ட். யாரும் தேடி வரவில்லை. இத்தனை வருடத்தில் அது காலாவதி ஆகியிருக்காதா? - பெயர் வேண்டாம், கொடைக்கானல்

ஆகாது. பிறப்பித்த கோர்ட் ரத்து செய்யும் வரை, அல்லது நிறைவேற்றப்படும் வரை வாரண்ட் உயிரோடு இருக்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 70(2), 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 72(2). இந்தியாவில் எங்கே வைத்தும் அதை நிறைவேற்றலாம்.

நீங்கள் திண்டுக்கல் மாவட்டத்தைத் தேர்வு செய்து, அதில் கொடைக்கானல் வளாகத்தைப் பார்க்க வேண்டும். வழக்கு கிடைக்காவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கூட்டாளிகள் ஆஜராகி நீங்கள் மட்டும் வராதிருந்தால், உங்கள் பங்கைப் பிரித்துத் தனி எண் கொடுத்திருப்பார்கள். அதற்கு 'ஸ்ப்ளிட் அப்' என்று பெயர். மற்றவர்கள் விடுதலையானாலும் உங்கள் வழக்கு நிற்கும். நெடுநாள் ஆள் கிடைக்காத வழக்கை எல்.பி.சி. என்னும் நெடுநாள் நிலுவைப் பதிவேட்டுக்கு மாற்றுவதும் உண்டு. அப்போது பழைய எண்ணில் 'டிஸ்போஸ்டு' என்று காட்டலாம். 'இரண்டும்' என்று தேடச் சொன்னது இதற்காகத்தான். சந்தேகம் தீர வேண்டுமானால் வழக்கறிஞர் மூலம் கோர்ட் அலுவலகத்தில் வழக்கு எண்ணைக் கொடுத்து வாரண்ட் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ரீகால் மனு, அதாவது வாரண்டை ரத்து செய்யக் கேட்கும் மனு. வக்காலத்தும் மனுவும் தயாராக வைத்துக்கொண்டு, வாய்தா வரை காத்திராமல், கோர்ட் வேலை நாளில் காலை பத்தரைக்கு முன்பே நீங்கள் நேரில் போக வேண்டும். வக்கீலை மட்டும் அனுப்பினால் பொதுவாக எடுபடாது. 2024 ஜூலைக்கு முன்பே விசாரணையில் இருந்த வழக்கு என்பதால் மனுவில் பழைய 70(2)-ஐத்தான் போடுவார்கள். ஏன் வரவில்லை என்பதற்குக் காகிதம் வேண்டும்: ஆஸ்பத்திரிச் சீட்டு, வெளியூர் வேலைச் சான்று, வீடு மாறியதற்கான ரசீது. ஆதார் நகலோடு இரண்டு ஜாமீன்தாரர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய ஜாமீன் பத்திரத்தைக் கோர்ட் பறிமுதல் செய்திருந்தால் புதிதாக எழுதச் சொல்லலாம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். ஒரு வாய்தா தவறியவருக்குப் பெரும்பாலும் அன்றே ரத்தாகும். ஒன்பது வருடத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை, ரிமாண்ட் செய்யவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. அப்படியானால் அன்றே போடுவதற்கு ஜாமீன் மனுவும் பையில் இருக்கட்டும். தானாக வந்தவர், பிடித்துக்கொண்டு வரப்பட்டவர் என்ற வித்தியாசத்தை நீதிபதிகள் நிச்சயம் பார்க்கிறார்கள்.

இன்னும் தள்ளிப்போட்டால் தேடப்படும் நபர் என்று கோர்ட் அறிவிக்கலாம். அறிவிப்பு வெளியானதிலிருந்து குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுப்பார்கள். அதற்கும் வராவிட்டால் சொத்து ஜப்தி, தனிக் குற்ற வழக்கு என்று வளரும்.

வாரண்டை ரீகால் செய்து இரண்டு வாரம் ஆகிறது. ஆனாலும் போலீஸ் வீட்டுக்கு வந்தார்கள். - வாசகர், குன்னூர்

கோர்ட்டில் ரத்தான செய்தி ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரவில்லை. இது புதிதல்ல. மும்பையில் ரத்தாகிவிட்ட வாரண்டை வைத்து 2002 ஆகஸ்ட் 15 அன்று ஒரு வழக்கறிஞரையே கைது செய்தார்கள். அந்த வழக்கில்தான் 2011-ல் உச்ச நீதிமன்றம், வாரண்டுகளுக்கு வரிசை எண்ணோடு பதிவேடு வைக்க வேண்டும், ரத்தானால் போலீஸிடமிருந்து திரும்பப் பெற வேண்டும் என்றெல்லாம் வழிகாட்டியது.

நீங்கள் செய்ய வேண்டியது: ரீகால் உத்தரவுக்கு நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். ஒரு பிரதியை ஸ்டேஷனில் கொடுத்து, இன்னொரு பிரதியில் தேதியோடு ஒப்புதல் முத்திரை வாங்குங்கள். அந்த ஸ்டேஷனின் கோர்ட் கான்ஸ்டபிளிடமும் சொல்லுங்கள். வாரண்ட் தாள்கள் கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் போய்வருவது பெரும்பாலும் அவர் கையால்தான். நகல் வரும் வரை ஈகோர்ட்ஸ் பக்கத்தின் அச்சுப்பிரதி சட்டைப்பையில் இருக்கட்டும். அதைச் சான்றாக ஏற்க வேண்டிய கட்டாயம் போலீஸுக்கு இல்லை. ஆனால் கோர்ட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்க வைக்கும்.

இதையெல்லாம் இலவசமாகப் பார்த்துச் சொல்ல ஆள் உண்டா? - வாசகர், பந்தலூர்

உண்டு. நீதிமன்ற வளாகங்களில் அமைந்துள்ள ஈகோர்ட்ஸின் இ-சேவா மையங்களில் வழக்கு நிலையைப் பார்த்துச் சொல்வார்கள். தாலுகா ஆபீஸில் சாதிச் சான்றுக்கு மனுப் போடும் இ-சேவை மையம் வேறு. அங்கே போய் நிற்காதீர்கள். வக்கீல் வேண்டுமென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், தொலைபேசி 15100. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் எல்லோரும் இதில் அடங்குவர்.

வாட்ஸாப்பில் என் பெயருக்கு வாரண்ட் வந்திருக்கிறது. சீல், கையெழுத்து எல்லாம் இருக்கிறது. வீடியோ காலில் வந்து பணம் கட்டச் சொல்கிறார்கள். - ஓய்வுபெற்ற ஆசிரியை, உதகை

பணம் கட்டாதீர்கள். அழைப்பைத் துண்டித்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அந்தத் தாளில் கோர்ட் பெயரும் வழக்கு எண்ணும் இருந்தால், மேலே சொன்னபடி ஈகோர்ட்ஸில் போட்டுப் பாருங்கள். ஒன்று அந்த எண்ணே இருக்காது, அல்லது வேறு யாரோ இருவரின் பெயரில் இருக்கும். தாளில் இருக்கும் போன் எண்ணுக்கு மட்டும் கூப்பிட்டுச் 'சரிபார்க்க' வேண்டாம்.

வாரண்ட் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் கிடைக்காதா? - நர்சிங் முடித்தவர், கோத்தகிரி

கைது வாரண்ட் இருப்பதைக் காரணமாகக் காட்டியே பாஸ்போர்ட்டை மறுக்கலாம், இருப்பதை முடக்கவும் செய்யலாம். ஆகவே முதலில் ரீகால். அதன் பிறகு வழக்கு மட்டும் நிலுவையில் இருந்தால், அந்தக் கோர்ட்டிலேயே மனுப் போட்டு வெளிநாடு செல்ல அனுமதி உத்தரவு வாங்கி விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் 1993-ஆம் ஆண்டு அறிவிக்கை அதற்கு வழி செய்கிறது. உத்தரவில் எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஒரு வருடத்துக்குத்தான் பாஸ்போர்ட் தருவார்கள். காலத்தைக் குறிப்பிட்டே உத்தரவு கேளுங்கள் என்று வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

ராத்திரி வாரண்டோடு வந்தால் பெண்களைக் கூட்டிப் போகலாமா? - வாசகி, கொடைக்கானல்

சூரியன் மறைந்த பிறகு விடியும் வரை பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால் பெண் போலீஸ் அதிகாரி எழுத்து மூலம் அறிக்கை கொடுத்து மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். யாராக இருந்தாலும் வாரண்டைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கோர்ட் முத்திரை, நீதிபதி கையெழுத்து, வழக்கு எண் ஆகியவற்றைப் பார்த்து, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.