போர்டை மாற்றினால் கடன் போய்விடுமா?

கேள்வி: சிங்கப்பூர் தேக்காவில் ஓர் உணவகத்துக்கு நான்கு வருடங்களாக மளிகைச் சரக்கு போட்டேன். 38,000 வெள்ளி பாக்கி. போன மாதம் கடையை மூடினார்கள். ஒரே வாரத்தில் அதே இடத்தில் புதுப் பெயர். அதே சமையல்காரர்கள், அதே பெரிய ஃப்ரீசர், அதே வேன். "அது பழைய கம்பெனி, இது என் மனைவி கம்பெனி" என்கிறார் முதலாளி. பணம் கிடைக்குமா?

பதில்: கோபத்தில் புதிய கம்பெனி மீது நேரடியாகப் பாக்கிக்கு வழக்குப் போட்டுவிடாதீர்கள். நடத்துவது ஒரே குடும்பம் என்பதற்காக மட்டும் பழைய கடன் அதன் தலையில் ஏறாது. கேட்க வேண்டியது வேறு: அந்த வேனும் ஃப்ரீசரும் என்ன விலைக்குக் கைமாறின? நியாயமான விலை என்றால் பணம் பழைய கம்பெனி கணக்கில் இருக்க வேண்டும். சும்மாவோ அடிமாட்டு விலைக்கோ போயிருந்தால்தான் உங்களுக்குப் பிடி கிடைக்கிறது.

2018ஆம் ஆண்டின் நொடிப்பு, மறுசீரமைப்பு, கலைப்புச் சட்டம், 438ஆம் பிரிவு: கடன் கொடுத்தவர் கைக்கு எட்டாமல் செய்யவே சொத்தைக் குறைந்த விலைக்கு மாற்றியிருந்தால், பாதிக்கப்பட்டவரே நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் அந்த நோக்கத்தை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

இன்னொரு வழி, பழைய கம்பெனியைக் கலைக்கக் கோருவது. பாக்கி 15,000 வெள்ளிக்கு மேல் இருப்பதால் சட்டப்படியான கோரிக்கைக் கடிதம் கொடுக்கலாம். 3 வாரத்தில் பணம் வராவிட்டால் கலைப்பு மனு. கலைப்பாளர் (கம்பெனியின் கணக்கை முடித்து, சொத்தைப் பிரித்துக் கொடுப்பவர்) வந்தால் 3 ஆண்டுகள் வரை பின்னோக்கிப் பார்த்து மலிவு விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் மீட்கும் பணம் உங்களுக்கு மட்டும் வராது. கடன் கொடுத்த எல்லோருக்கும் பங்கு உண்டு, கலைப்பாளர் செலவும் இருக்கிறது.

முதலில் உங்கள் டிஓ தாள்களை (சரக்கு இறக்கியதற்கான டெலிவரி சீட்டு) எடுங்கள். கடை சாப் (முத்திரை) இருக்கிறதா? பின்வாசலில் சமையல்காரர் அவசரமாகக் கிறுக்கியது மட்டும் என்றால் "சரக்கே வரவில்லை" என்பார்கள். பாக்கியையே மறுத்துவிட்டால் கலைப்பு மனு நிற்பது கஷ்டம். "அண்ணே, வெள்ளிக்கிழமை போட்டுவிடுகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி கிடைத்தாலும் அது தங்கம். வேனின் எண் தெரியும்படி சாலையில் நின்று படம் எடுங்கள். கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பதிவில் இரு கம்பெனிகளின் இயக்குநர்கள், பங்குதாரர்கள், புதியது தொடங்கிய தேதி எல்லாம் பாருங்கள். பழைய கம்பெனியின் பெயரை அந்தப் பதிவிலிருந்து நீக்க அவர்கள் விண்ணப்பித்தால் உடனே ஆட்சேபம் தெரிவியுங்கள்.

இந்தத் தொகைக்கு, 438ஐக் குறிப்பிட்டு வக்கீல் கடிதம் ஒன்று அனுப்பிப் பேரம் பேசிப் பார்ப்பதே முதல் வேலை என்பேன். கோழிக்காரருக்கும் சமையல் கேஸ்காரருக்கும் பாக்கி இருக்கும். சேர்ந்து வந்தால் செலவைப் பகிரலாம். அப்புறம், புதுக் கடைக்கும் நீங்களே சரக்கு போடுவதாக இருந்தால், ரொக்கம் கைக்கு வந்த பிறகு இறக்குங்கள்.