அம்மாவின் மறதிக்குத் தைராய்டுதான் காரணமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 70 வயது. பல வருஷமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார், 100 மைக்ரோகிராம். ஒரு வருஷமாக மறதி. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். மாட்டுத்தாவணியில் இறங்கினால் ஊருக்கு எந்த பஸ் ஏறுவது என்று தெரியாமல் நிற்கிறார். இந்த மாத ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 0.08. ‘தைராய்டு குறைஞ்சிருச்சு, அதான் அல்சைமர் வருது’ என்கிறார்கள். மாத்திரையைக் கூட்டினால் ஞாபகம் திரும்புமா? (வாசகி, மேலூர்)

தயவுசெய்து கூட்டாதீர்கள். அம்மாவுக்குத் தைராய்டு ஹார்மோன் குறையவில்லை, மிஞ்சிப்போயிருக்கிறது. டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பியை வேலை வாங்க மூளையடியில் உள்ள பிட்யூட்டரி அனுப்பும் கட்டளை. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறும், ஹார்மோன் கூடினால் இறங்கும். இயல்பு அளவு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை. அம்மாவுக்கு 0.08.

ஏன் மிஞ்சியது? வயதாகி எடை குறையும்போது பழைய அளவே அதிகமாகிவிடுவதுண்டு. ஆனால் மறதி உள்ளவர்களிடம் நான் முதலில் சந்தேகப்படுவது வேறு. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டிருப்பார். அரை மணி கழித்துக் காபி கேட்கும்போது, போட்டோமா என்ற நினைவில்லாமல் இன்னொன்று போட்டுக்கொள்வார். டப்பா வாங்கிய தேதியையும் மிச்சமுள்ள மாத்திரைகளையும் எண்ணிப் பாருங்கள், தெரிந்துவிடும். இனி மாத்திரை உங்கள் கையிலோ, கூட இருப்பவர் கையிலோ இருக்கட்டும்.

தைராய்டு மிகவும் குறைந்தால் மறதியும் மந்தமும் வருவது உண்மைதான். மாத்திரை கொடுத்தால் அது பெரும்பாலும் தேறும். அல்சைமர் வேறு நோய். அமிலாய்டு, டௌ என்ற புரதங்கள் மூளையில் பல வருஷம் சேர்ந்து நரம்பணுக்களை அழிக்கின்றன. சேர்ந்ததைத் தைராய்டு மாத்திரை கரைக்காது.

இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வில் முதியவர்களைப் பல வருஷம் கவனித்து 2008-ல் வெளியிட்டார்கள். டி.எஸ்.எச். தாழ்ந்திருந்த பெண்களுக்கும் உயர்ந்திருந்த பெண்களுக்கும் அல்சைமர் கூடுதலாக வந்தது. ஆண்களிடம் அப்படிக் காணவில்லை. இதை வைத்துத் தைராய்டுதான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. மூளை நோயே பிட்யூட்டரியின் கட்டளையை மாற்றியிருக்கலாம். உங்களுக்கு இதிலிருந்து தேவையானது ஒன்றுதான்: தைராய்டு ஹார்மோன் குறைந்தாலும் கூடினாலும் நல்லதல்ல. கூடினால் இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பி, ரத்தம் கட்டி, பக்கவாதம் வரக்கூடும். அதனாலும் நினைவாற்றல் கெடும். எலும்பும் தேயும். அம்மாவுக்குப் படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை இருந்தால் உடனே ஈ.சி.ஜி. எடுங்கள்.

அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. அளவை மருத்துவர் குறைக்கட்டும். 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.எச். மறுபடி பார்க்க வேண்டும். அதற்கு முன் பார்த்தால் சரியான அளவு தெரியாது.

ஆனால் மறதிக்கான பரிசோதனையை அதுவரை தள்ளிப்போடாதீர்கள். பழகின இடத்தில் வழி தெரியாமல் நிற்பதை வயசுக் கோளாறு என்று விட எனக்கு மனமில்லை. வீட்டிலேயே ஒன்றைக் கவனியுங்கள். ‘நேத்து யாரு வந்தாங்க?’ என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், ‘தாம்பூலத் தட்டோட வந்தாங்களே’ என்று எடுத்துக்கொடுங்கள். உடனே பிடித்துக்கொண்டால் அது மந்தமாகவோ மனச்சோர்வாகவோ இருக்கலாம். எடுத்துக்கொடுத்தும் அப்படி ஒன்று நடந்ததே பதியவில்லை என்றால் அல்சைமர் பக்கம் யோசிக்க வேண்டியிருக்கும். இது கோடி காட்டுமே தவிர, நோயைத் தீர்மானிக்காது.

மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு அழைத்துப் போகலாம். பி12, சர்க்கரை, சோடியம், மூளை ஸ்கேன் பார்ப்பார்கள். சளிக்கும் தூக்கத்துக்கும் கடையில் வாங்கிப் போடும் மாத்திரைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள், அவற்றில் சில மறதியைக் கூட்டும். தினமும் அம்மாவுடன் இருப்பவரே கூடப் போகட்டும். அடுப்பை அணைக்க மறக்கிறாரா, சில்லறையை எண்ணித் தருகிறாரா என்று மருத்துவர் கேட்பதற்கு அவரால்தான் பதில் சொல்ல முடியும்.